கரியும் காற்றும்

“மனிதன் காற்றைக் கெடுத்தான்” என்று பொதுப்படக் கூறுவது இன்று வழக்கமாகிவிட்டது. எந்த மனிதன் என்ற வினாவை எழுப்புவோர் சிலரே. காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ஆராயுமிடத்து இவ்வினாவுக்கு விடை கிடைக்கும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஆலைகளுள் நீராவி இயந்திரம் புகுந்தது. அதற்கு இரை நிலக்கரி. அதனை அகழ்ந்தோர் யாவர்? பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரையும் சுரங்கத்தினுள் வேலைக்கு அமர்த்தலாகாதென 1842ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. முன்னைய நிலைமைக்கு அச்சட்டமே சான்று. அவர்கள் அகழ்ந்த கரி முதலாளிக்கு இலாபமாயிற்று. எரிந்த கரியின் காபனோ காபனீரொட்சைட்டாக வானில் ஏறிற்று.

இவ்வாயு பெருகின் பூமி வெப்பமடையும் என்பதை 1896இல் சுவீடன் நாட்டு அறிஞர் அரீனியஸ் கணித்துக் காட்டினார். 1938இல் கலண்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர், முந்திய அரை நூற்றாண்டில் எரிபொருள்களால் ஏறத்தாழ 15,000 கோடி தொன் காபனீரொட்சைட்டு காற்றிற் கலந்ததென்றும், அதில் முக்காற்பங்கு அங்கேயே தங்கிவிட்டதென்றும் மதிப்பிட்டார். ஆயினும் இவ்விருவரும் அவ்வெப்பத்தை நன்மையென்றே கருதினர்! மிகுதியைக் கடல் உறிஞ்சிவிடும் என்று நம்பியோரும் பலர்.

மறுக்கவொண்ணாச் சான்று மரங்களிலிருந்து கிடைத்தது. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கதிர்வீசும் காபனைச் சிறிதளவு பெறுகின்றது. கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலோ அது முற்றாக அழிந்துபோயிருக்கும். அண்மைக்கால மரங்களில் அக்காபன் குறைந்திருப்பதை 1955இல் ஹான்ஸ் சூயெஸ் எடுத்துக்காட்டினார். காற்றிற் புதிதாய்ச் சேர்ந்தது பழங்கரியின் புகையே என்பது இதனாற் பெறப்பட்டது. 1958இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலே கீலிங் தொடர்ச்சியான அளவீட்டைத் தொடக்கினார். கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த வாயு, அப்பொழுது 315 ஆக இருந்தது. இன்று 420ஐக் கடந்துவிட்டது.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். 1750 முதல் எரிபொருள்களால் வெளியான காபனீரொட்சைட்டில் ஏறக்குறைய காற்பங்கு ஐக்கிய அமெரிக்காவினுடையது. ஆபிரிக்கக் கண்டம் முழுவதன் பங்கும் நூற்றுக்கு மூன்றளவே. இவ்வாயுவின் கணிசமான பகுதி நூற்றாண்டுகள் கடந்தும் நிலைப்பதால், பாட்டன் எரித்த கரியின் வெப்பம் பேரனையும் சுடுகின்றது. எரித்தவனை மட்டுமன்றி எரியாதவனையும் சுடுகின்றது.

ஆகவே “மனிதன்” என்ற பொதுச்சொல்லின் பின்னே கடனாளியை மறையவிடலாகாது. சுரங்கத்துச் சிறுவனையும் ஆலை முதலாளியையும் ஒரே பெயரால் அழைப்பது வரலாறு ஆகாது. சேர்ந்த கரிக்குக் கணக்கு உண்டு. கணக்கு உள்ளவிடத்துப் பொறுப்பும் உண்டு. அதனைக் கேட்கும் துணிவை மாணவர்க்கு ஊட்டுவது நமது கடமையாகும்.