தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் கங்காணி முறை, துண்டு முறை, கூலி, குடியுரிமை ஆகியன பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். தோட்டத் துரைமார் தமக்கெனத் தனியாகவே ஒரு படைப் பிரிவை ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் வைத்திருந்தனர் என்ற செய்தியோ பெரும்பாலும் ஓர் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகின்றது.

இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை 1900ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்டது. தென்னாபிரிக்காவிலே போயர் யுத்தம் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. சிறைபிடிக்கப்பட்ட போயர்கள் ஏறத்தாழ 5,000 பேர் தியத்தலாவையிலே அடைக்கப்பட்டிருந்தனர். கண்டியைத் தலைமையகமாகக் கொண்ட இத்தொண்டர் படையில் ஐரோப்பியர் மட்டுமே சேரலாம். அவர்களிற் பெரும்பாலோர் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை நிருவகித்தோர். காலையில் பிரட்டுக்களத்தில் நின்று பேர் பதிந்து வேலை பிரித்தவரே விடுமுறை நாளிற் சீருடை அணிந்து துப்பாக்கிப் பயிற்சி பெற்றார். முதலாளியின் பிரதிநிதியும் அரசின் படைவீரனும் ஒருவரே என்னும் இவ்விரட்டை நிலைதான் ஈண்டு நோக்கற்பாலது.

இப்படை வெறும் அலங்காரப் படையன்று. 1914 ஒக்டோபரில் 8 அதிகாரிகளும் 229 வீரரும் எகிப்துக்குக் கப்பலேறினர். சூயெஸ் கால்வாயைக் காத்த பின்னர், அவுஸ்திரேலிய - நியூசிலாந்துப் படைகளோடு கலிப்பொலியிலும் நின்றனர். அவர்களது வீரத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. ஆயினும் உள்நாட்டில் அப்படை யாருக்காக இருந்தது என்பது வேறு வினா.

1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது, இராணுவச் சட்டத்தின் கீழ் ஐரோப்பியத் தொண்டர்கள் ஆயுதந் தாங்கினால் விளைவது யாது என்பதை நாடு கண்டது. விசாரணையின்றிப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொழும்பு நகரக் காவற் படையில் அதிகாரியாயிருந்த ஹென்றி பேதிரிஸ் யூலை 7ஆந் திகதி மரண தண்டனைக்குள்ளானார். தொண்டர் படைச் சீருடையும் சிங்களவரான அவருக்குப் பாதுகாப்பாகவில்லை. இவ்வநீதிகளைச் சட்டநிரூபண சபையிலே துணிவுடன் எடுத்துரைத்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன்.

தோட்டங்களிலே இத்தகைய இராணுவ ஆட்சி தேவைப்படவில்லை. சட்டமே படையின் வேலையைச் செய்தது. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி முன்னறிவித்தலின்றி வேலையை விட்டகலுதல் சிறைக்குரிய குற்றம். 1921இல் துண்டு முறை ஒழிந்த பின்னரும் தோட்ட எல்லைக்குள் அந்நியர் நுழைதல் எளிதன்று. கோ. நடேசய்யர் புடைவை வியாபாரியாக வேடமிட்டு லயங்களுக்குள் நுழைந்தார் என்பர். 1931இல் அவர் அமைத்த தொழிலாளர் சம்மேளனம் ஹற்றனிலிருந்தே இயங்கியது.

துரைமாரின் ஒற்றுமையை உள்ளிருந்தே குலைத்தவர் மார்க் அந்தனி பிரேஸ்கேர்டில் என்னும் இளைஞர். மடுல்கலைப் பகுதியில் சின்னத்துரையாகப் பயிற்சி பெற்ற இவர், 1937 ஏப்ரிலில் நாவலப்பிட்டிக் கூட்டத்திலே துரைமாரைக் கண்டித்துப் பேசினார். அவரை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்ரப்ஸ் ஆணையிட்டார். மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அவ்வாணை செல்லாதெனத் தீர்த்தது. துப்பாக்கியேந்திய துரைமாருக்கு வாய்திறந்த ஒரு துரை இத்துணை அச்சமூட்டியது வியப்பே!

1940 சனவரி 10ஆந் திகதி ஹேவாஹெட்டைப் பகுதி மூலோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திலே கோவிந்தன் என்னும் தொழிலாளி சுடப்பட்டு இறந்தார். சுட்டவர்கள் பொலிசார், துரைமார் படையினர் அல்லர். விசாரணை ஆணைக்குழு நியமனமாயிற்று. கோவிந்தனின் மனைவி சார்பிற் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். ஆணைக்குழு முடிவு கூறும்வரை தொழிலாளர் மீதான வழக்குகளை ஒத்திவைக்குமாறு உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலக பொலிஸ் மா அதிபரைப் பணித்தார். அவர் உடன்படவில்லை. தேசாதிபதி கல்டெகொட் அவர் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி துறந்தனர். பேச்சுவார்த்தைக்குப் பின்னரே மீண்டனர். ஒரு தோட்டத் தொழிலாளியின் மரணம் அமைச்சரவையையே ஆட்டிவைத்தது. எனினும் பூசல், பொலிசார் யாருக்குக் கீழ்ப்பட்டவர் என்பது பற்றியதாகவே முடிந்தது. கோவிந்தன் கேட்ட கூலி பற்றியதாக அன்று.

அதே ஆண்டு பதுளையை அடுத்த வேவெஸ்ஸத் தோட்டத்தில், தொழிலாளர் தாமே தெரிவுசெய்த குழுவுடன் கலந்து செயற்படத் துரை இசைய நேர்ந்தது. அங்கு சென்ற ஆயுதப் பொலிசாரிடமிருந்து துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். துரைமார் பலர் அப்போது அதிகாரிகளாக உலக யுத்தத்துக்குச் சென்றுகொண்டிருந்தனர். படையின் வலிமை சுடுவதிலன்று, சுடக்கூடியவர் பங்களாவிலேயே இருக்கிறார் என்ற நினைவிலேயே தங்கியிருந்தது எனலாம். அந்நினைவு 1940இல் தளர்ந்தது.

1949இல் இலங்கை இராணுவம் முறைப்படி அமைக்கப்பட்டபோது துரைமார் படை கலைக்கப்பட்டது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் குடியுரிமையையும், அடுத்த ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தத்தால் வாக்குரிமையையும் இழந்தனர். துப்பாக்கியை ஒப்படைத்த துரை பங்களாவிலேயே இருந்தார். வாக்குச் சீட்டை இழந்த தொழிலாளி மறுநாளும் கொழுந்துக் கூடையுடன் மலையேறினார்.