ஸ்லாட்டில் ஒன்று, மேசைமேல் ஒன்று

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, அதற்கான தொலைபேசி எண்கள் சென்னை போன்ற பெருநகரங்களில்தான் இருந்தன. புதுக்கோட்டைக்காரர் அதைத் தொட 044 போட்டு எஸ்.டி.டி.யில் அழைக்க வேண்டியிருந்தது. இணையச் சந்தா தனி, டெலிபோன் பில் தனி. பின்னாளில் பி.எஸ்.என்.எல். உள்ளூர்க் கட்டணத்தில் 172 என்று தொடங்கும் எண்ணைத் தந்த பிறகுதான் மோடம் இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கட்டுப்படியானது.

அப்படி வந்தவற்றில் இரண்டு சாதி. கணினிக்குள் பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகும் கார்டு ஒன்று. சீரியல் கேபிளில் தொங்கும், தனி அடாப்டர் கொண்ட பெட்டி இன்னொன்று. விலையில் கார்டுக்கு ஈடில்லை. பழைய கணினியில் பொருத்திச் சோதிக்கும்போதுதான் அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்பது புரியும்.

பெட்டிக்குள் அதன் வேலையைச் செய்யும் சில்லுகள் முழுதாக இருக்கின்றன. மலிவான கார்டில் அவை இல்லை. ஒலியை எண்ணாக்குவதும் எண்ணை ஒலியாக்குவதும் கணினியின் பிராசசர் தலையில் விழுகிறது. மோட்டோரோலாவின் எஸ்.எம்.56 இந்த வகை. 486 கணினிக்கு அந்தச் சுமை ஆகாது. பென்டியத்திலும் பெரிய புரோகிராம் ஒன்றைத் திறந்தால் இணைப்பு தள்ளாடும். டிரைவர் சிடி தொலைந்தால் கார்டு வெறும் தகடு. லினக்ஸ் போட்டவர்கள் பட்ட பாட்டைக் கேட்கவே வேண்டாம்.

பெட்டிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. சீரியல் போர்ட்டில் 16550ஏ சில்லு இருக்க வேண்டும். அதில் 16 பைட் தாங்கும் இடம் உண்டு. அதற்கு முந்தைய சில்லில் ஒரே பைட்டுக்குத்தான் இடம். 115200 வேகத்தில் விநாடிக்குப் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட பைட்டுகள் வந்தால் சிந்தத்தானே செய்யும்? காம்1-ஐ மவுஸ் பிடித்துக்கொண்டிருப்பதும் பழைய கணினிகளில் வழக்கம்.

சோதனை இரண்டுக்கும் ஒன்றுதான். ஹைப்பர்டெர்மினலைத் திறந்து 'ஏடி' என்று தட்டினால் 'ஓகே' வர வேண்டும். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனம் ஸ்மார்ட்மோடத்தோடு தந்த கட்டளை இது. ஆனால் அந்த ஓகே யாருடையது? பெட்டியில் அது பெட்டியின் பதில். கேபிளும் போர்ட்டும் சரி என்றும் அதிலேயே தெரிந்துவிடும். கார்டில் அது டிரைவர் சொல்லும் பதில். லைன் பக்கம் கருகிக் கிடந்தாலும் டிரைவர் ஓகே சொல்லிவிடலாம். என் பார்வையில் இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு இதுதான்.

அடுத்து டயல் செய்தால் 'டயல் டோன் இல்லை' என்று வரலாம். உடனே மோடத்தைக் குறை சொல்ல வேண்டாம். நம் எக்ஸ்சேஞ்சின் டோன் பல மோடங்களுக்குப் புரியாது. 'ஏடிஎக்ஸ்3' கொடுத்தால் டோனுக்குக் காத்திராமல் டயல் செய்யும். அதிலும் மௌனம் என்றால் 'ஏடிஎச்1' கொடுத்து, அதே லைனில் உள்ள போனிலிருந்து பாருங்கள்: மோடம் லைனை எடுத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும். பெட்டியில் விளக்கே காட்டிக்கொடுக்கும்.

இணைந்ததும் திரையில் தோன்றும் '115200' பலரை ஏமாற்றியிருக்கிறது. அது கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான வேகம். 1998-இல் வந்த வி.90 மோடம் தரத்தின் உச்சமே 56 ஆயிரம் பிட்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருந்த ஊர்களில், ஒட்டுப்போட்ட செம்புக் கம்பியில், அதற்கும் வெகு கீழே இறங்கும். உண்மை வேகம் தெரிய, யு.எஸ். ரோபாட்டிக்ஸ் பெட்டியில் துண்டித்த பின் 'ஏடிஐ6' கொடுத்தால் போதும்.

ஐப்பசி இடியும் ஒரு சோதனைதான். லைன் வழியே மின்னல் ஏறினால் பெட்டி செத்து, பெரும்பாலும் அதோடு நிற்கும். மிஞ்சினால் சீரியல் போர்ட் போகும். கார்டு மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். மழைக்காலத்தில் இரண்டின் கம்பியையும் பிடுங்கி வைப்பதுதான் புத்தி.

ஆக, பழைய கணினிக்கு வெளி மோடமே சரி. கார்டுதான் கையில் இருக்கிறது என்றால் டிரைவரை முதலில் பத்திரப்படுத்துங்கள். சோதித்துப் பார்க்க, அழைக்கச் சேவை எண் எதுவும் தேவையில்லை; அலுவலக இன்டர்காமின் இரண்டு நீட்டிப்புகளில் இரண்டு மோடங்களை மாட்டி, ஒன்றில் அழைத்து மற்றதில் 'ஏடிஏ' கொடுங்கள். 56-ஐ மட்டும் எதிர்பார்க்காதீர்கள்; சாதாரண மோடங்கள் இரண்டு தமக்குள் பேசினால் 33.6 கிலோபிட்தான் உச்சம்.