பொலிசையால் வாழ்ந்த ஏரிகள்

ஆவடிக்கு மேற்கே உள்ள திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார், இறைவனுக்கு ஒரு கோயில் எடுக்க விரும்பிப் பொருள் தேடி அலைந்தார். எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்துள்ளேயே நிதி சேர்த்து, மனத்துள்ளேயே கல் அடுக்கிக் கோயிலை முடித்தார். கச்சியில் மெய்யாகவே கற்றளி எழுப்பிய காடவர்கோனும் அந்த மனக்கோயிலுக்கு வழிவிட நேர்ந்தது. இவ்வரலாற்றைப் பாடிய சேக்கிழார், பூவிருந்தவல்லிக்கு அருகிலுள்ள குன்றத்தூரினர். நம் வட்டத்தார் பலர் இவ்வூர்களைச் சூழ்ந்து வாழ்பவர்கள். ஆதலால் இது வீட்டுக் கதை போன்றது. எனினும் இதே மண்ணில் ஏரி கட்டியவர்களுக்குப் பூசலாரின் வழி உதவாது. கோயிலை நெஞ்சில் கட்டலாம். ஏரிக்கு மண் வெட்ட வேண்டும். வெட்டியவர்க்குக் கூலி அளக்க வேண்டும். அதனையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும்.

தொண்டை நாட்டில் வற்றாத பேராறு இல்லை. வடகிழக்குப் பருவமழையைத் தேக்கியே இங்கு நெல் விளைந்தது. ஓர் ஏரி நிரம்பினால் கலிங்கல் வழியே அடுத்த ஏரிக்கு நீர் செல்லும். அம்பத்தூர், கொரட்டூர், இரட்டை ஏரி என்னும் தொடர் இன்றும் இதற்குச் சான்று. ஆனால் நீரோடு வண்டலும் வருகிறது. கரை எத்துணை உறுதியாக இருப்பினும், வண்டலை வாராத ஏரி சில தலைமுறைகளில் மேடாகிவிடும். ஆகவே ஏரியின் பெருஞ்செலவு அதனைக் கட்டுவதில் இல்லை, காப்பதில்தான் இருக்கிறது.

இச்செலவுக்கு நம் முன்னோர் கண்ட வழியைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தனியார் ஒருவர் பொன்னோ நெல்லோ ஊர்ச்சபையிடம் முதலாக ஒப்படைப்பார். சபை அம்முதலைச் செலவிடலாகாது. அதிலிருந்து வரும் பொலிசையைக் கொண்டு, அதாவது வட்டியைக் கொண்டு, ஆண்டுதோறும் ஏரியைத் தோண்டி, எடுத்த மண்ணைக் கரையில் இட வேண்டும். நிலவும் கதிரும் உள்ளளவும் இது நடக்க வேண்டும் என்பது உடன்பாடு. இதனை நாம் வெறும் மங்கலத் தொடராக வாசித்துப் பழகிவிட்டோம். என் கருத்தில் அது ஒரு கணக்குச் சொல். முதல் அழியாதிருந்தால்தான் முடிவில்லாத கடமைக்கு முடிவில்லாத வருவாய் உண்டு.

பொருளைக் காக்க ஆள் வேண்டுமே. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன. குடவோலைமுறையை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். ஆனால் அவ்வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவர்தம் உறவினரும் விலக்கப்பட்டனர் என்னும் விதியை அதிகம் பேசுவதில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உடையவர் பெயர்தான் அக்குடத்தில் விழுந்தது. ஏரியில் இறங்கி மண் சுமந்தவர் பெயர் விழவில்லை. என் போன்ற பெண்ணொருத்தியின் பெயரும் விழுந்திராது. பழமையைப் போற்றும்போது இதனையும் உடன் வைத்தே போற்ற வேண்டும்.

இம்முறை பிற்காலத்தில் வேறு உருவில் தொடர்ந்தது. 1763இல் செங்கற்பட்டுச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கிடைத்தது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு அங்கு ஊர் ஊராகக் கணக்கெடுத்தார். களத்தில் நெல் அளக்கும்போதே கோயிலுக்கும் கணக்கனுக்கும் பங்கு ஒதுக்கியது போல ஏரிக்கும் ஒதுக்கியதை அக்கணக்குகள் காட்டுகின்றன. கம்பெனியின் வரி இறுக இறுக ஊரின் கையிலிருந்த இப்பங்குகள் கரைந்தன. வருவாய் அரசுக்குப் போயிற்று, உழைப்பு மட்டும் ஊருக்கு எஞ்சிற்று. குடிகள் மராமத்துக்கு வராவிடில் தண்டிக்கலாம் என்று 1858இல் சட்டமே இயற்றினர்.

நம் காலத்துக்கு வருவோம். 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. முகப்பேரில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கே 'ஏரித் திட்டம்' என்று பெயர். ஏரி எங்கே என்று என் மாணவியர் கேட்பதுண்டு. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பதை எதிர்த்து மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். 2015 வெள்ளத்திலும் 2023இன் மிக்ஜாம் புயலிலும் தொழிற்பேட்டைக்குள் நீர் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. நீர் தன் பழைய வழியை மறக்கவில்லை.

இயற்கையை மீட்கத் தனியார் பொருள் வேண்டும் என்று இன்று உலகமே பேசுகிறது. 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய நாடுகள், பல்லுயிர்க் காப்புக்காக 2030ஆம் ஆண்டுக்குள் ஆண்டொன்றுக்கு 20,000 கோடி டாலர் திரட்டுவதென உறுதி பூண்டன. நம் நாட்டில் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறித்த அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. சென்னையைச் சுற்றிப் பல குளங்களும் ஏரிகளும் இந்நிதியால் தூர்வாரப்பட்டன. நற்பணிதான், நான் குறை கூறவில்லை. ஆனால் 2021 ஜனவரியில் திருத்தப்பட்ட விதிகளின்படி, இந்நிதியை ஓர் அமைப்பின் மூலதன நிதியாக வழங்கினால் அது கணக்கில் சேராது. பணத்தைச் செலவிட்டே ஆக வேண்டும். தொடர்பணி என்றாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று நிதியாண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். வாங்கிய பணத்தை முடக்கி வைப்பவர்களைத் தடுக்க எழுந்த விதி என்பது புரிகிறது. எனினும் உத்திரமேரூர்ச் சபையார் இதனை வாசித்தால் திகைத்திருப்பர். அவர்கள் எதனைச் செலவிடலாகாது என்று கல்லில் வெட்டினார்களோ, அதனையே செலவிட்டுத் தீர்க்க வேண்டும் என்கிறது விதி. வண்டலோ நிதியாண்டு பார்த்து வருவதில்லை.

பழைய முறை முற்றும் அழிந்துவிடவில்லை. மதுரையிலிருந்து இயங்கும் தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம், 1992இல் தொடங்கிய ஏரிப் பணியின் வழிவந்தது. ஆயக்கட்டு உழவர்களின் பங்களிப்பையும் சேர்த்து ஏரிக்கென முதல் வைத்து, அதன் வட்டியால் பராமரிப்பு நடத்தும் முறை அங்கு உண்டு. பொலிசை மீண்டும் வந்துவிட்டது எனலாம்.

ஆனால் அங்கு ஆயக்கட்டு இருக்கிறது. மதகு திறந்தால் யார் வயலுக்கு நீர் என்று ஊருக்குத் தெரியும். அம்பத்தூர் ஏரியின் மதகைத் திறந்தால் பாய்வதற்கு வயல் இல்லை. அடுக்ககங்களும் பட்டறைகளும் இருக்கின்றன. அவற்றின் ஆழ்துளைக் கிணறுகளில் ஊறுவது அந்த ஏரியின் நீரும்தான். மழைக்காலத்தில் அவை மூழ்காதிருப்பதும் அவ்வேரிக்குள் எவ்வளவு நீர் அடங்கும் என்பதைப் பொறுத்தது. இவர்களை நான் புதிய ஆயக்கட்டுதாரர் என்றே கருதுகிறேன். தாம் அப்படி என்பதை அவர்கள் இன்னும் அறியவில்லை. அவர்களிடமிருந்து ஏரிக்கு முதல் வாங்கவும் கணக்குக் கேட்கவும் இன்று ஒரு வாரியம் இல்லை.