ஜாக்கி (ரமணாசிரம நாய்)

திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் வாழ்ந்த நாய். மற்ற நாய்களோடு சேராமல், ரமணர் எதிரே விரித்த துணியில் அமர்ந்திருக்கும். நோயில் விழுந்தபோது அவர் மெத்தென்ற படுக்கை போட்டுப் பார்த்துக்கொண்டார். உடம்பு நாறத் தொடங்கியும் முகம் சுளிக்கவில்லை. அவர் கையிலேயே உயிர் பிரிந்தது. பசு லட்சுமி (இறப்பு 1948), மான், காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கியின் சமாதியும் ஆசிரம வளாகத்தில் உண்டு.

நோயுற்ற நாயை முகம் சுளிக்காமல் இப்படி அருகிருந்து பார்த்துக்கொள்வதுதான் இன்றும் அதன் இறுதி நாட்களின் பராமரிப்பில் பாதி. தீனியைத் தொடாமை, மூலையில் ஒதுங்கல், ஈறு வெளுத்தல், படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்தல் ஆகியவை முடிவு நெருங்குவதைக் காட்டலாம். குணமாகக்கூடிய நோயிலும் இவை வருமென்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். எழ முடியாத நாயைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். வலிக்கென்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரைகளைக் கொடுக்கவே கூடாது. நாய்க்கு அவை நஞ்சாகலாம்.