300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினால் கேமில் பிங் குறையுமா? பணம் கட்டும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஆன்லைன் கேமில் எதிரியைச் சரியாகக் குறிபார்த்துச் சுட்டும், விழுவது என்னவோ நாம்தான். திரையின் மூலையில் பிங் 180 என்று சிவப்பில் காட்டும். உடனே வீட்டில் ஆரம்பிக்கும் கோரிக்கை: "அப்பா, நெட் பிளானை மாத்துங்க!" மாதாமாதம் கூடுதல் பணம் கட்டி 100 எம்பிபிஎஸ்ஸை 300 ஆக்கினால் இந்தப் பிரச்னை தீருமா? பெரும்பாலான வீடுகளில் தீராது. ஏன், எந்த வீட்டில் தீரும் என்று பார்க்கலாம்.

வேகம் வேற, பிங் வேற

எம்பிபிஎஸ் என்பது ஒரு விநாடியில் எவ்வளவு டேட்டா வரும் என்பதன் அளவு. பிங் என்பது உங்கள் போனிலிருந்து கிளம்பும் ஒரு தகவல் கேம் சர்வருக்குப் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம். இது மில்லி விநாடியில் சொல்லப்படும்.

சென்னை - திருச்சி நெடுஞ்சாலையை நாலு வழியிலிருந்து எட்டு வழியாக்கினால் ஒரே நேரத்தில் நிறைய வண்டி போகலாம். ஆனால் திருச்சி பக்கத்தில் வந்துவிடாது. காலியான ரோட்டில் ஒற்றை கார் போக எட்டு வழி எதற்கு? கேமும் அந்த ஒற்றை கார் மாதிரிதான். பெரும்பாலான கேம்களுக்கு விளையாடும்போது 1 எம்பிபிஎஸ் கூடத் தேவைப்படாது. நடப்பது, சுடுவது, திரும்புவது போன்ற சின்னச் சின்னத் தகவல்கள்தான் போய் வரும்.

கணக்கு என்ன சொல்லுது?

1,500 பைட் கொண்ட ஒரு டேட்டா பாக்கெட்டை லைனில் ஏற்ற, 100 எம்பிபிஎஸ்ஸில் 0.12 மில்லி விநாடி ஆகும். 300 எம்பிபிஎஸ்ஸில் 0.04. மிச்சமாவது 0.08 மில்லி விநாடி. 60 எஃப்பிஎஸ்ஸில் ஓடும் கேமில் ஒரு ஃபிரேமுக்கே 16 மில்லி விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியாது.

அப்போ பிங்கை முடிவு செய்வது எது?

முதல் காரணம் தூரம். ஃபைபர் கேபிளில் ஒளி ஒரு மில்லி விநாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். போய்த் திரும்பவே குறைந்தது 10 மில்லி விநாடி. கேபிள் நேராகப் போகாது, நடுவில் பல ரவுட்டர்களும் உண்டு. அதனால் நடைமுறையில் 20 முதல் 30 வரை காட்டுவது சகஜம். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் தூரத்துக்கு மட்டுமே 30 மில்லி விநாடி போய்விடும். எந்த பிளான் போட்டாலும் இதைக் குறைக்க முடியாது. 2020-ல் வாலரண்ட் கேமுக்கு மும்பையில் சர்வர் வந்தபோது இந்திய பிளேயர்கள் கொண்டாடியது இதனால்தான்.

இரண்டாவது ரூட். ஒரே தெருவில், ஒரே வேகத்தில் இரண்டு கம்பெனிகளின் நெட் இருந்தாலும் பிங் வேறுபடலாம். ஒன்று சர்வருக்கு நேர்வழியில் போகும், இன்னொன்று ஊரைச் சுற்றிப் போகும்.

மூன்றாவது வைஃபை. ஹாலில் ரவுட்டர், உள் அறையில் கேம், நடுவில் இரண்டு சுவர் என்றால் பிங் ஏறி இறங்கும். அடுக்குமாடி வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் போட்டிக்கு வரும்.

பொங்கல் நேரத்து டோல்கேட்

தனியா விளையாடும்போது நல்லா இருக்கும் பிங், வீட்டில் யாராவது வீடியோ அப்லோட் செய்ததும் 500-க்கு எகிறுகிறதா? இதற்குப் பெயர் பஃபர்புளோட். லைன் நிரம்பியதும் ரவுட்டர் மிச்ச டேட்டாவை வரிசையில் நிறுத்தி வைக்கும். பொங்கலுக்கு முந்தின நாள் பரனூர் டோல்கேட்டில் லாரிகளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது போல, கேம் பாக்கெட்டும் அதில் சிக்கிவிடும்.

அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ், வரிசையில் 1 மெகாபைட் டேட்டா நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது காலியாக 800 மில்லி விநாடி ஆகும். கேமில் அந்த நேரத்துக்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

எந்த வீட்டுக்கு பிளான் மாற்றம் உதவும்?

* ஒரே லைனில் நாலைந்து பேர் வீடியோ, ஆன்லைன் கிளாஸ், ஆபீஸ் கால் என்று ஓட்டி, லைன் அடிக்கடி நிரம்பும் வீடு
* அப்லோட் வேகம் ரொம்பக் குறைவாக உள்ள பழைய கேபிள் அல்லது டெலிபோன் லைன் இணைப்பு
* மாத டேட்டா அளவு முடிந்து வேகம் குறைக்கப்படும் பிளான்
* மொபைல் ஹாட்ஸ்பாட்டிலிருந்து ஃபைபருக்கு மாறுபவர்கள். இங்கே பிங்கைக் குறைப்பது எம்பிபிஎஸ் இல்லை, ஃபைபர்தான்

இன்னொரு லாபமும் உண்டு. 50 ஜிபி கேமை டவுன்லோட் செய்ய 50 எம்பிபிஎஸ்ஸில் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 300 எம்பிபிஎஸ்ஸில் சுமார் 22 நிமிடம். ஆனால் அது காத்திருப்பைக் குறைக்கும், பிங்கை இல்லை.

பணம் கட்டும் முன் என்ன செய்யலாம்?

1. லேப்டாப்பையோ கன்சோலையோ லேன் கேபிளில் இணைத்து விளையாடிப் பாருங்கள். பிங் இறங்கினால் பிரச்னை வைஃபையில்தான். போன் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறி, ரவுட்டர் பக்கத்தில் உட்காருங்கள்.
2. கேம் செட்டிங்ஸில் அருகிலுள்ள சர்வரைத் தேர்வு செய்யுங்கள்.
3. ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் கூடுதல் விவரத்தை அழுத்தினால், லைன் சும்மா இருக்கும்போதும் நிரம்பியிருக்கும்போதும் உள்ள பிங் தனித்தனியாகத் தெரியும். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் அது பஃபர்புளோட்.
4. ரவுட்டரில் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் வசதி இருந்தால் ஆன் செய்யுங்கள். டோல்கேட்டில் ஆம்புலன்ஸுக்குத் தனி வழி விடுவது போலத்தான் இது.
5. போன்களின் போட்டோ பேக்கப்பை இரவு நேரத்துக்கு மாற்றுங்கள்.
6. இத்தனையும் செய்து பிங் குறையவில்லை என்றால், பக்கத்து வீட்டில் வேறு கம்பெனி நெட் இருந்தால் அதே கேமை அங்கே ஒருமுறை ஆடிப் பாருங்கள். அங்கே பிங் குறைவாக இருந்தால் மாற்ற வேண்டியது பிளானை இல்லை, கம்பெனியை.

ஒரு லேன் கேபிள் வாங்க ஆகும் செலவு ஒரே ஒரு முறைதான். பிளானை ஏற்றினால் மாதாமாதம் கட்டணும். அதனால் முதலில் கேபிளை மாட்டிப் பாருங்க, பிளானை அப்புறம் யோசிக்கலாம்.