குகையும் குடிசையும் லயமும்

இடைக்கால ஐரோப்பாவில் சில துறவிகள் கோயிற் சுவரை ஒட்டிய சிற்றறைக்குள் புகுவர். உள்ளே சென்றபின் வாயிலை அடைத்துவிடுவர். இறந்தோர்க்குரிய வழிபாட்டை உயிரோடிருப்பவர்க்கே நடத்தி அவரை உள்ளே விடும் வழக்கமும் சிலவிடங்களில் இருந்தது. அத்தகைய அறையையும், ஒன்றைப் பற்றிவிட்டால் உயிர் போகுமட்டும் விடாத இக்கால மனிதனின் நெஞ்சையும் ஒரே சரட்டிற் கோத்து மேனாட்டார் மர்மக் கதைகள் புனைவதுண்டு. இலங்கையின் மலைநாட்டிலோ அக்கதையைக் கற்பனை செய்ய வேண்டுவதில்லை. அது வரலாறாகவே கிடக்கிறது.

கி.பி. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பதூதா மாலைதீவிலிருந்து புறப்பட்டு, கடற்காற்றின் போக்கால் புத்தளத்தை அடைந்தார். அங்கே யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, முத்துக்களைக் காட்டி, வேண்டுவதைக் கேட்கச் சொன்னார். யாத்திரிகர் கேட்டது ஒன்றுதான்: மலையுச்சியிலுள்ள ஆதிபிதா ஆதமின் பாதச் சுவட்டைக் காணவேண்டும். அதே சுவட்டைச் சைவர் சிவனுடைய பாதமென்றும் பௌத்தர் புத்தருடைய பாதமென்றும் போற்றுவர். தமிழரசர் பல்லக்குக் கொடுத்தார். ஆண்டுதோறும் அம்மலைக்குச் சென்றுவரும் யோகியர் நால்வர், பிராமணர் மூவர், தம் பரிவாரத்தினர் பதின்மர், உணவுப்பொருள் சுமப்போர் பதினைவர் ஆகியோரையும் துணையாக அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்கு இந்து யோகியர் வழிகாட்டிச் சென்ற அக்காட்சி நினைந்து மகிழத்தக்கது.

வழிநெடுகக் குகைகளைக் கண்டதாக அவர் எழுதியுள்ளார். பாபா தாகிர் என்னும் பக்தரின் குகையை அடுத்துச் சாபிக் என்பவரின் குகை வருகிறது. இந்தச் சாபிக் ஓர் அரசர், முஸ்லிம் அல்லாதவர், அரியணையைத் துறந்து தவஞ்செய்ய அவ்விடம் வந்தவர். இரண்டு வரியோடு யாத்திரிகர் அவரை விட்டுவிடுகிறார். எந்நாட்டரசர், ஏன் துறந்தார் என்ற செய்தி எதுவுமில்லை. அரசராயிருந்தவரின் பெயர் குகைக்குப் பெயராகி நின்றது, அவ்வளவே.

அங்கேதான் அட்டையையும் அவர் காண்கிறார். நீரருகே மரத்திலும் செடியிலும் இருந்து, மனிதர் நெருங்கியவுடன் பாய்ந்து பற்றுமாம். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் விழுந்துவிடுமென்று அங்குள்ளோர் பழத்தைக் கையிலேயே வைத்திருப்பராம். பாபா கூசி என்ற பக்தர் அட்டை பற்றியதைப் பொருட்படுத்தாது இருந்து, குருதி வடிந்தே மாண்டார் என்றும், அவர் பெயராலும் ஒரு குகை உண்டென்றும் குறிக்கிறார். தன்னை மறந்த நிலை எந்த எல்லைவரை செல்லும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

யாத்திரிகருக்கு முன்பே இம்மலை அரசர்களின் கவனத்தைப் பெற்றிருந்தது. முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்க்கு உணவளிக்கக் கிலிமலைக் கிராமத்தை மானியமாக விட்டான். அவனது திருப்பணியைக் கூறும் கல்வெட்டு மலையின் வடபால், இன்றைய நுவரெலியா மாவட்டத்து அம்பகமுவையில் உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்ட நிசங்கமல்லன் மலையேறி வணங்கிய செய்தி பகவா குகையிற் பொறிக்கப்பட்டிருக்கிறது. எனினும், இவர்கள் எல்லோரும் ஏறி வணங்கித் திரும்பியவர்கள். மலையில் எதையும் பறித்தவர்கள் அல்லர்.

அந்த நிலை மாறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். காட்டை வெட்டிக் கோப்பி பயிரிடும் வேட்கை பிரித்தானியரைப் பற்றிக்கொண்டது. அந்நாளில், 1852இல், ஸ்கொட்லாந்திலிருந்து ஜேம்ஸ் டெய்லர் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். கண்டிக்குத் தென்கிழக்கே, நுவரெலியாவை நோக்கி உயரும் மலைத்தொடரில் உள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் மரத்தாலான குடிசையொன்றில் குடியேறினார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அத்தோட்டமே அவரது உலகமாயிற்று. மணஞ்செய்து கொள்ளவில்லை. தாய்நாட்டுக்குத் திரும்பிச் செல்லவுமில்லை. அவர் எடுத்த விடுமுறையும் ஒன்றே. 1874இல் எடுத்த அதையும் டார்ஜிலிங்குக்குச் சென்று தேயிலை பயிரிடும் முறையைக் கற்பதிற் செலவிட்டார்!

1867இல் பத்தொன்பது ஏக்கரில் அவர் தேயிலை நட்டார். பறித்த இலையைத் தம் வீட்டுத் திண்ணையில் மேசைமேல் வைத்துக் கையாற் சுருட்டி, களிமண் அடுப்பிற் கரி நெருப்பின்மேல் உலர்த்தினார். இரண்டாண்டுகளில், 1869இல், கோப்பியிலையில் துருநோய் தோன்றிற்று. அடுத்துவந்த ஆண்டுகளில் அந்நோய் தோட்டங்களை அழிக்க, பலர் கடன்பட்டு ஓடினர். எஞ்சியோர் டெய்லரின் பத்தொன்பது ஏக்கரைப் பார்த்தே தேயிலைக்கு மாறினர். 1884இல் புகைவண்டி அட்டனை எட்டியபோது அச்சுற்றுமலைகளில் காட்டின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டிருந்தது.

டெய்லரின் முடிவு துன்பக்கதை. 1892இல் தோட்ட உரிமையாளர் அவரை விலகச் சொன்னார்கள். அவர் விலக மறுத்தார். தவக்குகையை விட்டு வெளியேறு என்றால் துறவி எங்கே செல்வார்? அவ்வாண்டு மே 2ஆம் நாள் வயிற்றுக்கடுப்பால் அங்கேயே உயிர்விட்டார். வயது ஐம்பத்தேழு. பெருத்த உடலாதலால், இருபத்துநான்கு பேர் பன்னிருவராகப் பிரிந்து மாறிமாறிச் சுமந்து கண்டி மகய்யாவ இடுகாட்டுக்குக் கொண்டுசென்றனர். கங்காணிமாரும் தொழிலாளரும் பின்தொடர்ந்தனர். அவர்கள் அவருக்கு இட்டிருந்த பெயர் "சாமி துரை."

அப்பெயர் சிந்திக்க வைக்கிறது. துரை என்றால் ஆள்பவன். சாமி என்றால் துறவியும் ஆகும், தெய்வமும் ஆகும். உலகத்தை விட்டு ஓரிடத்தில் அடைந்து கிடந்தவரைத் தமிழ் உழைப்பாளிகள் தமக்குத் தெரிந்த சொல்லால் அழைத்தார்கள். சாபிக் அரசர் குகைக்குட் புகுந்தது எல்லாவற்றையும் விடுவதற்காக. டெய்லர் குடிசைக்குட் புகுந்தது ஒன்றை விடாதிருப்பதற்காக. அடைபட்ட வாழ்வு இரண்டிலும் ஒன்றே. ஆனால், டெய்லரின் தவத்துக்கு மற்றவர்களின் உடல் தேவைப்பட்டது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

அம்மற்றவர்கள் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, பலர் வழியிலேயே மடிய, எஞ்சியவர்கள் மலையேறினர். அவர்களுக்கு வாய்த்தது லயக்காம்பரா. கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்ததென்று காட்டும் "துண்டு" இல்லாவிடில் வேறு தோட்டம் அவர்களை ஏற்காது. அம்முறை 1921இல்தான் ஒழிந்தது. வெளியார் தோட்டத்துக்குள் நுழைவதற்கும் துரையின் அனுமதி வேண்டும். துறவியின் அறையை அவர் விருப்பத்தின்பேரில் அடைத்தார்கள். இவர்களது அறையை யார் கேட்டு அடைத்தார்கள்?

அந்த அடைப்பைக் கடந்து உள்ளே போனவருள் ஒருவர் தஞ்சாவூரைச் சேர்ந்த கோ. நடேசையர். தோட்டங்களைக் காணத் துரைமார் இடங்கொடார் என்றறிந்து, புடவை வியாபாரி வேடம் பூண்டார். துணிமூட்டையைத் தோளிற் சுமந்து லயங்களுக்குட் சென்றார். வியாபாரிக்கு அங்கே தடையில்லை. விலை பேசுவதுபோல் தொழிலாளரோடு பேசி, அவர்களது கூலியையும் கடனையும் கேட்டறிந்தார். பிடிபட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், மர்மக் கதைக்குரிய பதற்றம் இங்கும் உண்டு. அவர் பின்னர் அட்டனைத் தம் களமாக்கிக்கொண்டு, 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மனைவி மீனாட்சி அம்மையார் தொழிலாளரிடையே பாடல்கள் பாடிப் பரப்பினார். நடேசையர் 1947இல் மறைந்தார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. அதன் முடிச்சு அவிழ 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

லூல்கந்துரையில் டெய்லரின் குடிசை இன்று இல்லை; புகைபோக்கியின் எச்சம் நிற்கிறது. மலையுச்சிக்கு ஏற ஆண்டுதோறும் மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை பருவம். அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியே நல்லதண்ணிக்கு வந்து ஏறுவோரில் தோட்டத்துத் தமிழரும் உண்டு. அடிவாரம்வரை வழியின் இருபுறமும் தேயிலை. மழை பெய்த நாளில் அந்த மலைகளிற் கொழுந்து பறிக்கும் பெண்ணின் காலில் அட்டை ஏறுகிறது. அவள் உப்பையோ சவர்க்காரத்தையோ தேய்த்து அதைத் தட்டிவிட்டு அடுத்த நிரைக்குப் போகிறாள்.