பத்து நிமிட அவகாசம்

1965 மே 30 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம் சக்கசன்னாவில் பெல் நிறுவனத்தின் ‘நம்பர் 1 இஎஸ்எஸ்’ தொலைபேசி நிலையம் இயங்கத் தொடங்கியது. அதை நடத்தியது நினைவகத்தில் எழுதி வைத்த புரோகிராம். பராமரிப்புப் பணியாளர் டெலிடைப் முன் உட்கார்ந்து கட்டளை அடித்தார். நிலையத்தின் பதில் காகிதத்தில் அச்சாகி வந்தது.

டெலிடைப்புக்கு ஒரு லைன் இழுத்துவிட்டால் ஊரின் மறுகோடியிலிருந்தும் அதே வேலையைப் பார்க்கலாம். ஆனால் கட்டளை பிசகினால் அந்த லைனே அறுந்துபோகலாம். நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டிய கதைதான். நெட்வொர்க் கட்டளைகளின் வரலாற்றில் பெரும்பகுதி இந்த ஆபத்துக்கு அணை போட்ட வரலாறு.

எரிக்சனின் ஏஎக்ஸ்இ நிலையம் 1976-இல் ஸ்வீடனின் சோடர்டெல்யே நகரில் அறிமுகமானது. அதன் கட்டளைகள் ஐந்தெழுத்து. ‘ஏஎல்எல்ஐபி’ என்று அடித்து அரைப்புள்ளி வைத்தால் அலாரம் பட்டியல் வரும். சேவையைப் பாதிக்கக்கூடிய கட்டளை என்றால் உடனே ஏற்காது. அடித்ததைத் திருப்பிக் காட்டி, இன்னோர் அரைப்புள்ளிக்குக் காத்திருக்கும். 1984-இல் ஏடி அண்ட் டி பிரிந்தபின் பெல்கோர் நிறுவனம் வகுத்த டிஎல்1 என்ற கட்டளை மொழி, ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் அடையாள எண் கேட்டது. பதிலும் அதே எண்ணோடு வரும்.

அதே 1984-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லென் போசாக்கும் சாண்டி லெர்னரும் தொடங்கிய சிஸ்கோ, அங்கே புழங்கிய டாப்ஸ்-20 இயங்குதளத்தின் பாணியை ரூட்டருக்குக் கொண்டுவந்தது. கேள்விக்குறி அடித்தால் அடுத்து என்ன எழுதலாம் என்று காட்டும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆனால் என்டர் தட்டிய நொடியே கட்டளை அமலாகிவிடும். சுவிட்ச் ஒன்றின் டிரங்க் போர்ட்டில் சில விலான்கள், அதாவது ஒரே கம்பியில் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள், ஓடுகின்றன, 20 என்ற விலானையும் சேர்க்க வேண்டும். ‘சுவிட்ச்போர்ட் டிரங்க் அலவ்ட் விலான் ஆட் 20’ என்று அடிக்க வேண்டும். ‘ஆட்’ விட்டுப்போனால் பழைய பட்டியல் முழுதும் அழிந்து 20 மட்டும் மிஞ்சும். நிர்வாக விலானும் அழிந்தவற்றில் ஒன்று என்றால், அடித்தவரின் திரை அப்படியே உறைந்துவிடும்.

பொறியாளர்கள் கண்ட உபாயம் அருமையானது. ‘ரீலோட் இன் 10’ என்று முதலில் அடித்துவிட்டுத்தான் கை வைப்பார்கள். மாற்றம் சரியாக அமைந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள். தொடர்பு அறுந்தாலோ, பத்து நிமிடத்தில் ரூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, கடைசியாகச் சேமித்த பழைய அமைப்போடு எழுந்து வரும். ஜூனிபர் நிறுவனத்தின் ஜூனோஸ் இயங்குதளத்தில் ரீஸ்டார்ட்டே வேண்டாம்: ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்தபின் பத்து நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் மாற்றம் தானாகப் பின்வாங்கும்.

2002 ஜூனில் இணையக் கட்டமைப்பு வாரியம் நெட்வொர்க் நடத்துபவர்களைக் கூட்டிக் கேட்டது. கண்காணிக்க எஸ்என்எம்பி என்ற நெறிமுறை போதும், அமைப்பை மாற்ற கட்டளை வரிதான் என்பது அவர்கள் அனுபவம். அந்த உரையாடலின் வழியில் 2006-இல் வந்த நெட்கான்ஃப் தரநிலையிலும் உறுதி செய்ய அதே 600 விநாடி அவகாசம் உண்டு.

ஆனாலும் ஆபத்து முற்றிலும் நீங்கவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் முதுகெலும்பு நெட்வொர்க்கின் கொள்ளளவை அறியக் கொடுத்த ஒரு கட்டளை, தரவு மையங்களுக்கு இடையிலான இணைப்புகள் அனைத்தையும் துண்டித்தது. தவறான கட்டளைகளைத் தடுக்க வேண்டிய தணிக்கைக் கருவியில் பிழை இருந்ததால் அது தப்பிவிட்டது. தொலைவிலிருந்து சரிசெய்ய வழியில்லை. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போய், பாதுகாப்புக் கட்டுப்பாடுகளைக் கடந்து உள்ளே நுழைய வேண்டியிருந்தது. சேவை திரும்ப ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆயிற்று.